உள்தாழ்ப்பாள் இருக்கிற அறை

நேற்று ராத்திரி பக்கத்து அறையில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது நாற்காலி சத்தம்தான். கதவுக்கு முட்டுக் கொடுக்க நான்தான் இழுத்தேன். முதலில் நாற்காலி, அது போதாது என்று மேஜை, அதுவும் போதாது என்று பெட்டி. காலையில் வராந்தாவில் என்னை நிறுத்தி, "என்னம்மா, பேய் ஓட்டுற மாதிரி ராத்திரியில அது என்ன சத்தம்?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கும்தான் ஒரு சத்தம் கேட்டது. அதற்கு எனக்கு யார் பதில் சொன்னார்கள்?

புதன்கிழமை ராத்திரி அது. இங்கே இல்லை, கரந்தையில், என் கணவரின் அண்ணன் வீட்டில். விளக்கெல்லாம் அணைத்தாகிவிட்டது. பின்கட்டில் இருந்து சர்ர், சர்ர் என்று ஒரு சத்தம். பிறகு கையால் ஒரு தட்டு. மறுபடி சர்ர், சர்ர். யாரோ எதையோ சலிக்கிறார்கள். விளக்கு வைத்த பிறகு முறத்தையும் சல்லடையையும் தொடக் கூடாது என்று சட்டம் பேசுகிற வீடு அது. அந்த வீட்டில், இருட்டில், சல்லடை.

அதைக் கேட்டுத்தான் நான் இந்த லாட்ஜுக்கு வந்தேன். நீங்கள் நினைக்கிற மாதிரி திமிரில் வரவில்லை. திமிரும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் அந்தக் கரந்தை வீட்டுக்காரி வந்து போனதும், நீங்கள் உங்கள் கதவைப் பாதி திறந்து, "ஒரு பொம்பளையை வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்புறியே, நீயெல்லாம் படிச்ச பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் சாத்திக்கொண்டீர்கள். விடிந்ததும் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் திருநள்ளாறு புறப்படுவதாக மேனேஜர் சொன்னார். எதிரில் நின்று பேசினால் என் குரல் உடைந்துவிடும். எழுதினால் உடையாது. அதனால் எழுதி உங்கள் கதவுக்கு அடியில் தள்ளப் போகிறேன். பாதியைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னீர்களே, மீதியையும் கேளுங்கள்.

என் பெயர் சுகிர்தா. கோயம்புத்தூரில் இருக்கிறோம். என் கணவர் மணிமாறனுக்கு ஆபீசில் மூன்று நாள் பயிற்சி, வல்லத்தில். பயிற்சிக்கு வருகிறவர்கள் அங்கேயே தங்க வேண்டும். "நீயும் பிள்ளையோட வா. அண்ணன் வீட்ல இரு. பெரிய கோயிலைப் பாரு, அரண்மனையைப் பாரு. கல்யாணம் ஆனதுல இருந்து தஞ்சாவூர் தஞ்சாவூர்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தே" என்றார். கேட்டேன்தான். ஆனால் தஞ்சாவூரைக் கேட்டேனே தவிர, அண்ணன் வீட்டைக் கேட்கவில்லை.

"லாட்ஜ் போட்டுடுங்க" என்றேன்.

"லாட்ஜா? கூடப் பொறந்தவன் வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு. நீ லாட்ஜ்ல இருந்தா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அண்ணனைப் பார்க்கிறது?"

"இதே மூஞ்சியைத்தான்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் எதையாவது உண்மையாகச் சொல்லும்போதுதான் அவருக்குச் சிரிப்பு வரும்.

அண்ணன் பெயர் கதிரேசன். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, தையல்நாயகி. இன்று வந்தாளே, அவள்தான். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளை இல்லை. இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரிக்கிற ஆள்தான். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டு நடப்பவள்.

எனக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அடுத்து இவன் பிறந்தான். தீட்டுக் கழிந்த அன்று என் மாமியார் இவனை ஒரு முறத்தில் போட்டு வாசற்படியில் வைத்தார். தையல்நாயகி வெளியே நின்றாள். ஒரு படி தவிட்டை மாமியார் மடியில் கொட்டி, பிள்ளையை முறத்தோடு வாங்கிக்கொண்டாள். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம். தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாம். தவிட்டு விலைக்குப் போன பிள்ளை மேல் எமனுக்கு ஆசை வராதாம். யாரோ வாங்கின பிள்ளை, யார் வீட்டுக் கணக்கிலோ இருக்கிற பிள்ளை என்று தாண்டிப் போய்விடுவானாம். வருஷம் திரும்பியதும் பெற்றவள் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். "மீட்காம விட்டா அவ பிள்ளைதான்டி, பார்த்துக்க" என்று மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். நான் பார்க்காதது எனக்கு நடந்ததாகாது.

இவனுக்கு நிரஞ்சன் என்று பெயர் வைத்தேன். பிறப்புச் சான்றிதழில் அதுதான் இருக்கிறது. தையல்நாயகி ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. போனில் எடுத்ததும், "தவிட்டுராசா என்ன பண்றான்?" என்பாள். போன மாதம் வருஷம் திரும்பியது. கேக் வெட்டினோம். அன்றைக்கும் போன். "ராசாவுக்கு வருஷம் முடிஞ்சிருச்சு சுகி. எப்ப வர்றீங்க?"

"வருவோம்கா."

"வெள்ளிக்கிழமையாப் பார்த்து வாங்க."

வெள்ளிக்கிழமை எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் மாமியார் மாசியில் இறந்துபோனார். மீட்கிற சடங்கைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை. நானாகப் பேச மாட்டேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளையை நான் எதற்கு வாங்க வேண்டும்? வாங்கினால் விற்றதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? நான் விற்கவில்லை. அதனால் வாங்கவும் மாட்டேன். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

ஆனால் புதன்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குள் போனதும் பிள்ளையை இறக்கிவிடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். பிள்ளை இல்லாத வீட்டில் விட்டத்தில் புதிதாக ஒரு தொட்டில் கொக்கி. வெள்ளை மாறாத தூளிச் சேலை. அலமாரியில் இவன் அளவுக்கு நாலு சட்டை, கையால் தைத்தது. "அளவு சரியா இருக்கா பாரு சுகி" என்றாள். சரியாக இருந்தது. இத்தனை மாசமாகப் பார்க்காத பிள்ளைக்கு அளவு எப்படித் தெரியும்? என் கணவரிடம் போட்டோ கேட்டு வாங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல்.

எங்களுக்குக் கொடுத்த அறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. ஆணி போன இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. கணவரின் அண்ணனிடம், "மாமா, இதுக்குத் தாழ்ப்பாள் இல்லையா?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுக்குள்ள யாரும்மா வரப் போறா? நாங்க ரெண்டே பேரு."

அந்த ரெண்டு பேரைப் பற்றித்தான் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்கு ராத்திரிதான் அந்தச் சத்தம். பிள்ளை மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு (அது எனக்குப் பழக்கம், ராத்திரிக்கு எத்தனை முறை என்று கேட்காதீர்கள்) எழுந்து போய்ப் பின்கட்டுக் கதவிடுக்கில் பார்த்தேன். கம்மியான விளக்கு. தையல்நாயகி காலை நீட்டி உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையில் இருந்து விழுவது தவிடு. பக்கத்தில் மாமா.

"வெள்ளிக்கிழமை முடிச்சிரலாம்ங்க" என்றாள் அவள். "அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா மாட்டேம்பா."

"தம்பிகிட்டயாவது சொல்லலாம்ல?"

"தம்பி அவகிட்ட உளறிரும்."

நான் திரும்பி வந்து பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ஒரு படி தவிட்டுக்கு ஏற்கனவே வாங்கியாயிற்று. வருஷமும் முடிந்துவிட்டது. பெற்றவள் மீட்கவில்லை. இன்னொரு படி போட்டால் முழுச் சொந்தம் என்று எங்காவது வைத்திருப்பார்கள். இவர்களிடம்தான் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருக்கிறதே. நான் இதையெல்லாம் நம்புவதில்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நம்புகிறவர்கள் கையில் பிள்ளை மாட்டினால் என் நம்பிக்கையை வைத்து என்ன செய்வது?

வியாழக்கிழமை காலையில், "கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன்கா" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"கோயிலுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பை?"

"பிள்ளைக்கு மாத்துத் துணிக்கா."

அவள் என் பையைப் பார்த்தாள். தூக்குவாளியில் இவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். ஆட்டோவில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டேன். பெரிய கோயில் வாசலில் ஒரு நாய்க்கு ஊற்றிவிட்டேன். நாய் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

பெரிய கோயிலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நந்தி மண்டபத்து நிழலில் உட்கார்ந்து போனில் லாட்ஜ் தேடிக்கொண்டிருந்தேன். விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லோரும் அதைப் படம் பிடித்தார்கள். நான் ஒவ்வொரு லாட்ஜ் படத்திலும் கதவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தேன். ஏசி இருக்கிறதா, காலைச் சாப்பாடு உண்டா, கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். உள்ளிருந்து பூட்ட முடியுமா என்று ஒருவனும் எழுதவில்லை.

முதலில் போன லாட்ஜில், "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா" என்றார்.

பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். "இது என்ன, ஃபர்னிச்சரா?"

"சார் வரணும்மா."

"சார் நேத்தே வந்துட்டாரு, வல்லத்துல இருக்காரு. அவருக்கு ரூம் கிடைச்சிருச்சு. எனக்குத்தான் வேணும்."

கொடுக்கவில்லை. இங்கே வந்தேன். இவரும், "ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்மா?" என்று ஆரம்பித்தார். ஒருவரும் இல்லை என்றேன். தயங்கினார். உடனே இங்கிலீஷுக்கு மாறினேன். ஐ வில் ரைட் எ கம்ப்ளெயின்ட் என்று ஆரம்பித்து, யாருக்கு எழுதுவது என்று தெரியாமலே ரெண்டு நிமிஷம் பேசினேன். சாவி வந்துவிட்டது. எங்கள் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்ததிலேயே உருப்படியானது அதுதான்.

அறைக்குள் வந்து பார்த்தால், தாழ்ப்பாள் இருக்கிறது, நகராது. பெயிண்டோடு பெயிண்டாக ஒட்டிக்கிடக்கிறது. கீழே போய்ச் சொன்னால், "வெளியே கேமரா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்கிறார். கேமரா கதவைப் பிடித்துக்கொள்ளுமா? அப்புறம்தான் நாற்காலி, மேஜை, பெட்டி. மற்றது உங்களுக்குத் தெரியும்.

என் கணவருக்குப் போன் செய்து சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எந்த லாட்ஜ்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீங்கள் வராந்தாவில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் வந்து கதவைத் தட்டினாள்.

"சுகி, நான்தான். கதவைத் திற."

"முடியாதுக்கா."

"நான் உள்ள வரலை. இங்கயே நிக்கிறேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள ஒரு வேலை இருக்கு. முடிச்சிட்டுப் போயிடுறேன்."

"என்ன வேலைன்னு எனக்குத் தெரியும். என் பிள்ளையைத் தர மாட்டேன். போங்க."

நீங்கள் கேட்டது இந்த அளவுதான். உங்கள் வீட்டுக்காரர் கூப்பிட்டார், உள்ளே போய்விட்டீர்கள். மறுபடி நீங்கள் எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்து அவள் படி இறங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னாள். "உன் பிள்ளையை யாரு கேட்டா? உன் பிள்ளையை உனக்குக் குடுக்கத்தான் வந்தேன்."

முட்டுகளை நகர்த்தி ஒரு கை அகலம் திறந்தேன். பிள்ளை என் இடுப்பில். நாற்காலியை மட்டும் நடுவில் விட்டுவைத்தேன். அவள் கையில் ஒரு மஞ்சள் பை. அன்று ராத்திரி சலித்த தவிடு அதில் இருந்தது.

"உங்கிட்ட முன்னாடியே சொன்னா நீ மாட்டேம்பே. தவிட்டைக் கையில வச்சுக்கிட்டு நேரா நின்னா நீ தட்ட மாட்டேன்னு நினைச்சேன். மாடு வச்சிருக்கிறவங்க யாரு இருக்கா இப்ப? மில்லுல போய்த்தான் வாங்கினேன். ஒரே கல்லும் குருணையும். அப்படியே குடுக்கலாமா? சலிச்சேன். இந்தா, கையில அள்ளி என் மடியில போடு. பிள்ளையைத் தான்னு ஒரு வார்த்தை கேளு. தந்தேன்னு சொல்லிட்டு நான் போறேன்."

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைக்கா."

"உனக்கு இல்லை. எனக்கு இருக்கு. ராத்திரியில தூக்கம் வர மாட்டேங்குது சுகி." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு எத்தனை தடவை நின்னு எத்தனை தடவை போச்சுன்னு உனக்குத் தெரியாது. மாமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எம்பேர்ல ஒண்ணும் தங்கலை. இவன் ஒரு வருஷமா எம்பேர்ல இருக்கான். வருஷத்துக்கு மேல ஒரு நாள்கூட அவன் எம்பேர்ல இருக்க வேணாம். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வாங்கிக்க."

விவாதம் செய்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. தொட்டில் கொக்கி எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டேன்.

"மூணு நாள் இருப்பீங்கல்ல, அவன் எதுல தூங்குவான்?" என்றாள்.

அவளைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்றுதான் நான் தவிட்டில் கை வைத்தேன். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கையால் பிள்ளை, ஒரு கையால் தவிடு. அவள் முந்தானையை ஏந்தினாள். நாற்காலிக்கு மேலே கையை நீட்டி அள்ளி அள்ளிப் போட்டேன். பை காலியாகும் வரை போட்டேன். பையை உதறியும் போட்டேன். மூலையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதையும் விரலால் வழித்துப் போட்டேன். கடன் வைப்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"தவிடு தந்தேன், பிள்ளையைத் தா" என்றேன்.

"தந்தேன்" என்றாள்.

ஒரு தடவை சொன்னால் போதுமாம். நான் மூன்று தடவை சொன்னேன். கான்வென்டில் எதையும் மூன்று தடவை சொல்லித்தான் பழக்கம். மூன்று தடவையும் அவள் தந்தேன் என்றாள். சடங்கு முடிந்ததும் இவன், இந்தத் துரோகி, அவளைப் பார்த்து ரெண்டு கையையும் நீட்டினான். அவள் தொடவில்லை. ஒரு கையால் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"நிரஞ்சன், அம்மாகிட்ட இரு" என்றாள்.

முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்கிறாள். நான்கூட ஒரு நிமிஷம் யாரைச் சொல்கிறாள் என்று பார்த்தேன்.

பிறகு அவள் கண் கதவில் போனது. நாற்காலி, மேஜை, பெட்டி, எல்லாவற்றையும் பார்த்தாள். "தாழ்ப்பாள் இல்லையா?"

"இருக்கு. நகராது."

"இப்படியா தனியாப் படுத்திருந்தே?" என்றாள். திட்டுகிற மாதிரி இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள், உள்ளே தவிடு மூட்டையாக நின்றது. இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். தேங்காய் எண்ணெய். இவன் தலைக்கு வைக்கக் கொண்டுவந்திருப்பாள், நான் கேட்கவில்லை. நாற்காலியைத் தாண்டி உள்ளே வராமலே, கதவிடுக்கில் கையை விட்டுத் தாழ்ப்பாள் முழுக்க எண்ணெயை ஊற்றினாள். வளையலைக் கழற்றி அதன் விளிம்பால் பெயிண்டைச் சுரண்டினாள். என் தலையில் இருந்த கிளிப்பைக் கேட்டு வாங்கி இடுக்கெல்லாம் நோண்டினாள். கிளிப் வளைந்துபோயிற்று. அப்புறம் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. தாழ்ப்பாள் ஓடியது.

"நான் வெளியே நிக்கிறேன். நீ போட்டுப் பாரு. சத்தம் கேட்டாத்தான் போவேன்."

நாளைக்கு அவர் பயிற்சி முடிந்து வந்ததும் நேரே கோயம்புத்தூர்தான். கரந்தைக்குப் போக மாட்டேன். எண்ணெய் ஊற்றினால் நான் இளகிவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாலு சட்டையை மட்டும் மாமாவிடம் கொடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், அது இவன் அளவுக்குத் தைத்தது, வேறு யாருக்கும் ஆகாது. நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை, உண்மைதான். நீங்கள் சொன்னது சரி. உங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

நாற்காலியை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். எண்ணெய் வழிந்த தாழ்ப்பாளைத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று விழுந்தது.

"கேட்டுச்சு" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து.